மொரிஷியஸ் கரும்புத் தோட்டம்: அடிமையும் ஒப்பந்தக் கூலியும்

1835 வரை மொரிஷியஸில் கரும்பு வெட்டியவர்கள் பெரும்பாலும் மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அப்புறம் அந்த வேலை இந்தியக் கூலிகள் தலையில் விழுந்தது. நம் தமிழர்களும் அதில் உண்டு.

சட்டப்படி பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடிமை முதலாளியின் சொத்து. அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளையும் சொத்து. கூலிக்கோ 5 வருட ஒப்பந்தம், மாதம் 5 ரூபாய், அரிசி, பருப்பு. கெடு முடிந்தால் விடுதலை.

சரி, தோட்டத்துக்குள்? ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பேரே உண்டு. ஐந்து ரூபாயில் எவ்வளவு மிஞ்சும், நீங்களே கணக்குப் போடுங்கள். கையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே நடமாடினால் ‘நாடோடி’ என்று பிடித்துப் போவார்கள்.

இருந்தாலும் இரண்டையும் ஒன்றென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலிக்கு ஊர் திரும்ப ஒரு வழியாவது இருந்தது. அடிமைக்குத் தப்பியோடி லெ மோர்ன் மலையில் ஒளிவதுதான் வழி.

அடிமைமுறை ஒழிந்தபோது பிரிட்டிஷ் அரசு தன் காலனிகளுக்கென ஒதுக்கிய நஷ்ட ஈடு 2 கோடி பவுண்டு. அத்தனையும் முதலாளிகளுக்கே.