டார்செட்டின் கறுப்பு மெருகுப் பானை: அடுப்புக்கு ஏற்றதா?

ரோமானிய பிரிட்டனில் அடுப்புக்கென்றே ஒரு பானை சொல்லச் சொன்னால், தென் இங்கிலாந்தின் டார்செட்டில், பூல் துறைமுகப் பக்கம் வனைந்த இந்தக் கறுப்பு மெருகுப் பானைதான். சக்கரமில்லை, கைவேலை. களிமண்ணில் குவார்ட்ஸ் மணல் தாராளம். அதனால் திடீர்ச் சூட்டில் விரிசல் விடுவது குறைவு. காற்றை அடக்கிப் புகையில் சுட்டதால் கறுப்பு. நடுவில் காற்று புகுந்தால் பழுப்புத் திட்டு விழும்; சமையலுக்கு அது குறையே இல்லை.

விளிம்பும் தோளும் பளபளவென்று தேய்த்திருக்கும். வயிற்றில் மெருகிடாத பட்டை, அதில் குறுக்குமறுக்குக் கோடுகள். அவை கூர்ங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் 2-ஆம் நூற்றாண்டு. விரிகோணமென்றால் 3-ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ.

கி.பி. 120 வாக்கிலிருந்து வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லைச்சுவரான ஹேட்ரியன் சுவரின் படைமுகாம்கள்வரை விற்ற சரக்கு இது. தேம்ஸ் கழிமுகத்தில் செய்த ஒத்த பானைகளோ சக்கரத்தில் வனைந்தவை, மணலும் நுண்ணியது. உள்பக்கம் சக்கரம் விட்ட சீரான சுற்றுக்கோடுகள் தெரிந்தால், அது டார்செட் சரக்குதானா என்று சந்தேகப்படுங்கள்.