கேனில் விற்கும் உப்புத் தண்ணீரை நம்பி டேங்கில் ஊற்றாதீர்கள்

சென்னையில் மரைன் டேங்க், அதாவது கடல் உயிர்கள் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக அர்ச்சின் (கடல் முள்ளெலி), நத்தை, இறால் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கடையில் கேனில் வாங்கிய உப்புத் தண்ணீர், என் டேங்கில் மீன்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற உயிர்களை எல்லாம் கொன்றுவிட்டது.

என்னுடையது நன்றாக செட் ஆன டேங்க். பாறையில் ஊதா நிற கோரலைன் பாசி படர்ந்து, கண்ணாடியிலும் பச்சை பிடித்த பிறகுதான் கடல் முள்ளெலி வாங்கப் போனேன். புது டேங்கில் விட்டால் மேய எதுவும் இல்லாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும். கடையில் நீள முள் கருப்பு ரகம் இருந்தது, டயடெமா. உடம்பில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள், உச்சியில் ஆரஞ்சு வளையம். தொட்டிக்கு மேலே கையை ஆட்டினேன். நிழல் விழுந்த பக்கமே முட்கள் அத்தனையும் திரும்பின. குழாய்க்கால்கள் கண்ணாடியை இறுகப் பிடித்திருந்தன, எங்கும் முள் கொட்டிய வழுக்கை இல்லை. நல்ல ஆரோக்கியமான உயிர்.

"புது உயிர் விடும்போது கொஞ்சம் தண்ணி மாத்திடுங்க சார். நாங்களே ஆர்ஓ தண்ணியில சால்ட் கலந்து கேன்ல தர்றோம்" என்றார் கடைக்காரர். காப்பர் (செம்பு) அர்ச்சினுக்கு விஷம் என்பதால், காப்பர் எதுவும் இருக்காதே என்று கேட்டேன். "ஃப்ரெஷ் சால்ட் சார், அதுல எப்படி காப்பர் வரும்?" என்றார். இரண்டு கேன் வாங்கினேன். பில் கேட்டதற்கு மெஷின் ரிப்பேர், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்று வரை வரவில்லை.

வீட்டில் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன், 1.025. உப்பு சரி. டேங்கின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். அர்ச்சினுக்கு உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக டேங்க் தண்ணீர் விட்டுப் பழக்கி, அப்புறம்தான் உள்ளே விட்டேன்.

மறுநாள் காலையில், விறைத்து நின்ற முட்கள் துவண்டு கிடந்தன. ஒரு பக்கம் கொத்தாகக் கொட்டி மணலில் கிடந்தது. முள் கொட்ட ஆரம்பித்துவிட்டால் அர்ச்சின் பிழைப்பது கஷ்டம். அன்று மாலைக்குள் டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து, ஓட்டுக்கு வெளியே சதை தொங்க மல்லாந்து கிடந்தன. கிளீனர் இறாலும் போய்விட்டது. கிளவுன் மீன் ஜோடி மட்டும் வழக்கம்போல தீனிக்கு மேலே வந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. அம்மோனியா ஏறியிருந்தால் மீன்களுக்கும் மூச்சு வாங்கியிருக்கும். டெஸ்ட் செய்ததில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். முதுகெலும்பு இல்லாதவை மட்டும் சாகின்றன என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காப்பரைத்தான். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை காப்பர் கிட்டில் போட்டதும் நிறம் ஏறியது. டேங்க் தண்ணீரிலும் ஏறியது. என் வீட்டு ஆர்ஓ தண்ணீரில் ஏறவில்லை.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த மீன்களுக்குக் காப்பர் மருந்து போடுவது வழக்கம்தான். காப்பர் சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் காப்பர் இருக்கும்படி வைப்பார்கள். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், அர்ச்சினும் நத்தையும் தாங்காது. கேனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி வரும்வரை அங்கே வேலை செய்யும் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தபோது விஷயம் வெளியே வந்தது. "அது மீன் டேங்க் சம்ப்ல இருந்து புடிக்கிறதுண்ணா. கீழ ஊத்தினா வேஸ்ட்டுல்ல?" சம்ப் என்பது டேங்க் தண்ணீர் சுற்றி வரும் ஃபில்டர் தொட்டி. மருந்து போட்ட பழைய தண்ணீரை, உப்பை மட்டும் சரிக்கட்டி, புதிதாகக் கலந்தது என்று விற்றிருக்கிறார்கள். அர்ச்சின் இருந்த தொட்டி தனி. அதனால்தான் அங்கே உயிரோடு இருந்தது.

"லைவ் ஸ்டாக்குக்கு கேரண்டி கிடையாது சார்" என்றார் முதலாளி. நான் கேட்டது உயிருக்கு கேரண்டி இல்லை. காப்பர் இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்டபோது ஏன் பொய் சொன்னீர்கள் என்றுதான் கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் மன்னார் வளைகுடா லைவ் ராக் (கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைத் துண்டு) இருக்கிறது, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பாறையை உருவாக்கும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அந்தப் பவளப்பாறைத் துண்டை விற்பதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். யாராவது இப்படி இலவசமாகத் தந்தாலும் வாங்கிவிடாதீர்கள்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. காப்பர் ஒருமுறை உள்ளே போனால் சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கசியும். தண்ணீர் மாற்றினால் மட்டும் தீராது. ஆக்டிவேட்டட் கார்பனும் காப்பரை உறிஞ்சும் ரெசினும் போட்டிருக்கிறேன். கிட் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை ஒரு நத்தைகூட விடப் போவதில்லை.

கடையில் கேன் தண்ணீர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அது எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். அதே சம்ப் தண்ணீரில் நத்தையும் இறாலும் பல நாளாக நன்றாக இருந்தால் ஓரளவு நம்பலாம். மீன் மட்டும் நீந்தினால் வேண்டாம். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் ஆர்ஓ தண்ணீரில் நாமே சால்ட் கலப்பதுதான் நல்லது. போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் இரண்டும் இதற்கு ஆகாது.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி வாங்கிய கேன் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். முதலில் காப்பர் கிட்டில் சோதித்துப் படம் எடுங்கள். காப்பர் இருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே மூடி, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதுதான் சாட்சி.