பனங்கையில் செய்த முதல் வில், இரண்டரை வருடம் கழித்து

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில், இரண்டு முளையின் மேல் படுக்கை வசமாக ஒரு வில் இருக்கிறது. கூரைக்குப் போடும் பனைமரச் சட்டத்தைப் பனங்கை என்போம். அப்படிப் பழைய பனங்கை ஒன்றிலிருந்து நானே செதுக்கியது. செய்த மாதமே எழுதியிருந்தால் புகழ்ந்து மட்டும்தான் எழுதியிருப்பேன். இப்போது மூன்றாவது மழைக்காலம் நடக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் எய்து பார்த்தபின் சொல்வதற்கு நிறையச் சேர்ந்திருக்கிறது.

முதலில் மரம். எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் சீமைக்கருவேலம்தான். மரம் நல்ல வலு, ஆனால் ஐந்தரை அடிக்கு நேராக, கணுவும் முறுக்கும் இல்லாமல் ஒரு கம்பு வேண்டுமே! இரண்டு வாரம் அலைந்தும் அப்படி ஒன்று அகப்படவில்லை. அப்புறம்தான் பக்கத்துத் தெருவில் ஓட்டுவீடு ஒன்றைப் பிரித்தார்கள். இறக்கிப் போட்ட பனங்கைகளில் நேரான ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். பச்சைப் பனையை வெட்டும் எண்ணமே எனக்கு இல்லை. பனை நம் மாநில மரம், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததும் நல்லதுதான். அதோடு, காலங்காலமாகக் கூரையில் கிடந்து காய்ந்த கை, வில்லுக்குப் பச்சை மரத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பனையில் ஒரு வசதி உண்டு. வேம்பு, தேக்கு மாதிரி அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளிப்பக்கம் கறுப்பு நார் நெருக்கமாக, இரும்பு மாதிரி இருக்கும். உள்ளே போகப்போகச் சோறு, அதாவது மெத்தென்ற நடுப்பகுதி. வில்லில் இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நெருக்குப்படும். அதனால் மரத்தின் வெளிப்பக்கத்தை அப்படியே முதுகாக விட்டு, சீவுவதையெல்லாம் வயிற்றுப் பக்கமே சீவ வேண்டும். முதுகில் ஒரு நார் அறுந்தாலும் அங்கிருந்துதான் முறிவு தொடங்கும்.

நீளம் 66 அங்குலம். நான் இழுப்பது 27 அங்குலம். இழுப்பைப்போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு என்பது குறைந்தபட்சக் கணக்கு. முதல் வில் அதைவிட நீளமாக இருந்தால் மரத்துக்குச் சிரமம் குறைவு. பிடிக்குப் பக்கத்தில் ஒன்றரை அங்குல அகலம், முனைகளில் அரை அங்குலம். இழைப்புளி, அரம், உப்புத்தாள், கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லு. ஆயுதம் அவ்வளவுதான்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தனுஷ்கோடி என்றாலே வில்லின் முனை என்றுதான் பொருள். அந்தக் கரையில் மரவில் செய்யத் தெரிந்த ஒருவரையும் நான் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைக் காப்பாற்றியது வள்ளம் செய்கிற ஓடாவி மாமா.

பனங்கையை நீளவாக்கில் பிளந்து இரண்டு பட்டை எடுத்திருந்தேன். முதல் பட்டை முறிந்தது. 22 அங்குலம் இழுத்தபோது பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, பட்டாசு மாதிரி சத்தம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துண்டுகளை மாமாவிடம் எடுத்துப் போனேன். முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மற்ற இடத்தைவிட அங்கே மரம் மெல்லிசாக இருந்தது.

"தம்பி, வளையுற இடத்துலயே ஏன் சீவுறீக? அது ஏற்கெனவே நோவுது. சும்மா நிக்கிற இடத்தை வேலை வாங்குங்க" என்றார்.

வில் செய்வது என்பதே இந்த ஒரு வேலைதான். டில்லரிங் என்பார்கள். பிடிக்கு மேலும் கீழும் உள்ள வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி, பிடியிலிருந்து முனைவரை எங்கும் மடங்காமல், எங்கும் விறைக்காமல் வளைய வேண்டும். கண் நல்ல வளைவையே தேடிப் போகும், கையும் அங்கேயே சீவும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மரத்தின் விறைப்பு நூற்றுக்கு 27 பங்கு போய்விடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குகிறது. அகலம் அப்படியில்லை, குறைத்த அளவுக்குத்தான் குறையும். இரண்டாவது பட்டையில் விறைப்பான இடங்களைச் சாக்பீஸால் குறித்தேன். குறித்த இடத்தில் மட்டும் சில்லால் இருபது இழுப்பு, அப்புறம் முப்பது முறை மெதுவாக வளைத்துப் பார்ப்பது. சீவியது உடனே தெரியாது, மரம் கொஞ்சம் வேலை செய்தபின்தான் காட்டும். அந்தப் பட்டைக்கு ஒன்பது நாள் ஆனது.

புதிதில் 27 அங்குல இழுப்பில் தொங்கு தராசு 35 பவுண்ட் காட்டியது. ஒரு மாதத்தில் 33. அதன் பிறகு நடந்ததெல்லாம் காற்றின் கணக்கு. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது மேற்கேயிருந்து வருவது வறண்ட காற்று. அப்போது 32 பவுண்டுக்குக் குறைவதில்லை, அம்பு விடும் சத்தமே கணீரென்று இருக்கும். ஐப்பசியில் கீழ்க்காற்றான கொண்டலும் மழையும் தொடங்கினால் ஒரே வாரத்தில் 29. உப்புப் படிந்த மரம் ஈரத்தை இன்னும் இழுக்கும். ஈரமேறிய மரம் இளகி, வளைத்த பக்கமே கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிடுகிறது. நாணைக் கழற்றிவைத்தால் முதல் மாதம் ஓர் அங்குலம் வளைவு தங்கியிருந்தது. இன்று இரண்டே கால். இதில் பாதி, முதல் கார்த்திகையில் ஒரு மத்தியானம் நாணேற்றியபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதால் வந்தது. எய்து முடித்ததும் நாணைக் கழற்ற வேண்டும், அரை மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போதெல்லாம் எய்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடைக்கிறேன். தேங்காயெண்ணெய் பூசியது வீண். அது காயாது, பிசுபிசுப்பும் தூசியும்தான் மிச்சம். ஆளிவிதை எண்ணெய் நான்கு பூச்சு, மேலே வார்னிஷ். இதுவும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அதற்காக அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், அளவுக்கு மீறிக் காய்ந்த மரமும் முறியும்.

நாணுக்கு முதலில் வலைக்கடை நைலான் நூலை முறுக்கினேன். பத்து அம்பு விடுவதற்குள் நீண்டு தொங்கியது. வில்நாணுக்கென்றே வரும் டாக்ரான் பி-50 நூல் வாங்கிப் பதினான்கு இழையில் செய்தேன், பிரச்சினை தீர்ந்தது. இப்போது இருப்பது இரண்டாவது நாண். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் யாரும் செய்யக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகமெல்லாம் மரத்துக்கே திரும்பும்.

பனைக்கென்று ஒரு நோவு உண்டு, சிராய். ஒன்றேகால் வருடத்தில் மேல்கை முதுகில் கறுப்பு நார் ஒன்று ஊசிபோல் எழும்பியது. மனசு பதைத்துவிட்டது. ஃபெவிகுவிக் விட்டு அழுத்தி, இரண்டு அங்குலத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றினேன். இன்றுவரை அது நகரவில்லை. எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் முதுகைப் பஞ்சால் தடவிப் பார்ப்பேன். பஞ்சு சிக்கினால் அன்று எய்வதில்லை.

இலக்குக்குச் சாக்கு நிறையக் கிழிந்த வலையைத் திணித்திருக்கிறேன். வைக்கோலைவிட அருமையாக அம்பைப் பிடிக்கிறது. பின்னால் கண்மாய்க் கரையின் மண்மேடு. கடற்கரை மணலில் எய்வதில்லை, அங்கே எந்த நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு.

நேற்று அளந்தேன், 28 பவுண்ட். இருபது அடி தூரத்தில் ஆறு அம்பில் ஐந்து ஒரு தட்டுக்குள் விழுகிறது. தை பிறந்து வெயில் ஏறட்டும் என்று நாணைச் சுருட்டி வைத்துவிட்டேன். மீதிப் பனங்கை பரணில் இருக்கிறது. அக்கா மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதில் அவளுக்குப் பதினைந்து பவுண்டில் ஒன்று செய்ய வேண்டும்.