நார்வே மென்சாவின் இலவச ஐ.க்யூ. சோதனையும் காசு கேட்கும் மற்றவையும்

இணையத்தில் கிடைக்கும் ஐ.க்யூ. சோதனைகளுள் நண்பர்களுக்குத் தயங்காமல் சுட்டிக்காட்டக்கூடியது எது என்று கேட்டால், உயர் நுண்ணறிவாளர்களின் சங்கமான மென்சாவின் நார்வே கிளை தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கும் சோதனையையே சொல்வேன். அது தரும் எண் மிகத் துல்லியமானது என்பதற்காக அன்று. அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அச்சோதனை தானே சொல்லிவிடுகிறது என்பதற்காகத்தான்.

25 நிமிடங்களில் 35 புதிர்களை விடுவிக்க வேண்டும். ஒன்பது கட்டங்களில் எட்டில் உருவங்கள் இருக்கும். ஒன்பதாவது கட்டத்துக்கு உரியதைக் கீழே உள்ளவற்றிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ரேவன் 1938-இல் வெளியிட்ட அணிச் சோதனையின் வழிவந்த அமைப்பு இது. எழுத்தோ சொல்லோ இல்லாததால் நார்வேஜிய மொழி தெரியாதவர்களுக்கும் இடையூறு இல்லை. தொடக்கத்தில் உள்ளவை சிறுவர்களாலும் முடியக்கூடியவை. போகப் போக ஒரே படத்துக்குள் இரண்டு மூன்று விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இயங்குவதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை தேவைப்படுகிறது. புதிர் என்ற அளவில் நேர்த்தியானவை, விடை கிடைத்த கணத்தில் மகிழ்ச்சி தருபவை.

முடிவு 85 முதல் 145 வரையிலான ஓர் எண்ணாக வருகிறது. 100 என்பது சராசரி; மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 15. இந்த எல்லைகளைச் சற்று உற்றுநோக்க வேண்டும். மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் 85-க்குக் கீழே வருவார்கள் என்பதால், அவர்களுக்குள் உள்ள வேறுபாடுகளைப் பற்றி இச்சோதனை எதுவும் சொல்வதில்லை. மறுமுனையில் 145-ஐத் தாண்டுவோர் சுமார் 740 பேருக்கு ஒருவரே. உளவியலாளர்கள் பெரியவர்களுக்குப் பயன்படுத்தும் வெக்ஸ்லர் அளவுகோலின் நான்காம் பதிப்பு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒத்துப்போகும்படி தெரிந்தெடுத்த 2,200 பேரைக்கொண்டு தரப்படுத்தப்பட்டது; அத்தகைய குழுவிலேகூட மூன்று பேர் அளவில்தான் அந்த உயரத்தில் இருக்க முடியும். 160 என்பதோ முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற நிலை. ஆகவே பத்து நிமிட வினாக்களுக்குப் பின் 160 என்று பாராட்டிதழ் நீட்டும் தளம் எதை எதனோடு ஒப்பிட்டது என்று கேட்டால், அதனிடம் பதில் இருக்காது.

மென்சா, மக்களுள் மேல் 2 விழுக்காட்டில் வருவோரைச் சேர்த்துக்கொள்வதற்காக 1946-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்ட சங்கம். தன் கிளையின் இணையச் சோதனையில் ஒருவர் 145 எடுத்தாலும் அந்தச் சங்கம் அதை உறுப்பினர் சேர்க்கைக்கு ஏற்றுக்கொள்வதில்லை. கண்காணிப்பில் நடக்கும் தேர்வையோ தகுதியுள்ள உளவியலாளரின் அறிக்கையையோதான் கேட்கிறது. இது ஒன்றே போதுமான எச்சரிக்கை.

காசு கேட்கும் தளங்களின் போக்கு வேறு. அவற்றின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. தேடுபொறியில் முதலில் விளம்பரமாக வருபவற்றைப் பார்த்தால் வாசகர்களுக்கே புரியும். வினாக்கள் முடியும்வரை கட்டணம் பற்றிப் பேச்சே இல்லை. முடித்தவுடன் ‘உங்கள் முடிவு தயார்’ என்ற அறிவிப்பும், மின்னஞ்சல் முகவரி கேட்கும் பெட்டியும், அதன்பின் கார்டு எண் கேட்கும் பெட்டியும் வருகின்றன. முதல் தொகை சிறியதாகவே இருக்கும். அது மாதச் சந்தாவாக நீளும் என்ற தகவல் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அடியில் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு தளத்தில், வினாக்களைப் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் முதல் விடையைத் தெரிவு செய்து பார்த்தேன். சராசரிக்கு மேல் என்றே முடிவு வந்தது. பணம் கொடுக்கப் போகிறவரை வருத்தப்பட வைக்கக் கூடாது என்ற வணிக நாகரிகம் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அளவீடு என்று எடுத்துக்கொள்ள வழியில்லை.

அப்படியானால் இணையவழி நுண்ணறிவுச் சோதனை என்பதே ஏமாற்றா என்றால், இல்லை. ஆய்வாளர்கள் பொதுப் பயன்பாட்டுக்காக உருவாக்கிய ‘ஐகார்’ வினாத் தொகுப்பு அதற்குச் சான்று. எண்–எழுத்துத் தொடர்கள், அணிப் புதிர்கள், முப்பரிமாணக் கனசதுரச் சுழற்சி, சொல்வழித் தர்க்கம் ஆகிய நான்கு வகைகளில் 60 வினாக்கள். டேவிட் காண்டனும் வில்லியம் ரெவெலும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இணையம் வழியே ஏறத்தாழ 97 ஆயிரம் பேர் இவற்றுக்கு விடையளித்த தரவு ஆராயப்பட்டது. முடிவு எவ்வளவு நிலையானது என்பதைக் காட்டும் நம்பகத்தன்மைக் கெழு (உச்சம் 1) 60 வினாக்களுக்கும் சேர்த்து 0.93, 16 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவத்துக்கு 0.81.

இந்தக் கெழுக்களை ஐ.க்யூ. புள்ளிகளாக மாற்றிப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் பிடிபடும். ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைத் திட்டவிலக்கமான 15-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை கிடைக்கும். 0.81-க்கு அது சுமார் ஆறரைப் புள்ளி. 95 விழுக்காடு உறுதியோடு பேச வேண்டுமானால் அதை இரட்டிக்க வேண்டும். எனவே 16 வினாக்களில் 110 பெற்றவரின் உண்மையான நிலை 97-லிருந்து 123 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 60 வினாக்கள் என்றால் இந்த இரட்டித்த பிழை பதின்மூன்றிலிருந்து எட்டுப் புள்ளியாகக் குறைகிறது. நேரில் அமர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடத்தப்படும் வெக்ஸ்லர் சோதனையின் முழு மதிப்பெண்ணுக்குக் கெழு 0.98, இரட்டித்த பிழை நான்கு புள்ளி. அதாவது மிகச் சிறந்த கருவியும் 110 என்று சொல்லும்போது 106 முதல் 114 வரை என்றுதான் சொல்கிறது. நேர்மையான அறிக்கையில் அந்த இடைவெளி அச்சிடப்பட்டிருக்கும். இணையத் தளங்களில் பெரும்பாலும் ஒற்றை எண் மட்டுமே, பெரிய எழுத்தில், தங்க நிறச் சட்டத்துக்குள்.

பிழை வீச்சோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. வெக்ஸ்லர் நான்காம் பதிப்பில் சொல்லறிவு, காட்சிவழித் தர்க்கம், செயல்நினைவு, செயலாக்க வேகம் என்ற நான்கு பகுதிகளில் பத்து முதன்மை உட்சோதனைகள் உள்ளன. நார்வே சோதனை அவற்றுள் ஒரு மூலையை மட்டும், நன்றாகவே, தொடுகிறது. அதில் 120 பெற்றவர் எண்களை நினைவில் வைப்பதில் சராசரியாக இருக்கக்கூடும். சொல்வளத்தில் இன்னும் மேலே இருக்கவும் கூடும். மொழி இல்லை என்பதால் இவ்வகைப் புதிர்கள் பண்பாட்டுக்கு அப்பாற்பட்டவை என்பதும் முழு உண்மையன்று. தலைமுறைதோறும் மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி உயர்ந்துவந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1980-களில் எடுத்துக்காட்டியபோது, மிகப் பெரிய உயர்வு இந்த ரேவன் வகைப் புதிர்களிலேயே காணப்பட்டது. சூழலும் பள்ளிக்கல்வியும் தொடாத திறன் என்றால் அது அவ்வளவு விரைவாக ஏறியிருக்காது. பயிற்சியும் இதில் எளிதாகச் செல்லும்: விதிகளின் வகைகள் பிடிபட்டபின் அதே சோதனையை மீண்டும் எழுதினால் எண் கூடும், அறிவு கூடியதாக அதற்குப் பொருளில்லை. ஆகவே முதல் தடவை வந்த எண்ணை மட்டும் கணக்கில் கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பில் எண்களை ஒப்பிட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: உளவியலாளர் ரேமண்ட் கேட்டலின் (Cattell) பெயரால் வழங்கும் அளவுகோலில் திட்டவிலக்கம் 24. அதில் 148 என்பதும் வெக்ஸ்லரில் 130 என்பதும் ஒரே இடம். அளவுகோலின் பெயரைச் சொல்லாத எண் வெறும் எண்தான்.

பொழுதுபோக்காக எழுதிப் பார்ப்பவர்களுக்கு நார்வே சோதனை போதும். காசு கேட்கும் தளங்களுக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. பள்ளியில் பின்தங்கும் குழந்தைக்காகத் தேடுபவர்கள் மட்டும் இவற்றுள் எதையும் நாட வேண்டாம். பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் சைமனும் 1905-இல் முதல் அளவுகோலை வகுத்ததே கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காணத்தான். அந்த வேலைக்கு 85-இல் நின்றுவிடும் சோதனை பயன்படாது. இந்தியக் குழந்தைகளுக்கென்று மாலின் சோதனையும் பினே–காமத் சோதனையும் இருக்கின்றன. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் அவற்றை நடத்துவார். அறிக்கை வாங்கும்போது எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, பிழை வீச்சு எவ்வளவு என்ற மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.