குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் காப்பி. சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை நிழலில் செடிகள். அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி, ஊடே மலைவாழை. காட்டைத் திருத்திப் பயிரிட்டவனுக்கும் நிழல் மரத்தைக் காத்தவனுக்கும் சந்தையில் ஒரே விலை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டம் இதை மாற்றலாம். 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர், சோயா, பாமாயில் போன்றவற்றை அங்கே விற்கக் கூடாது. விளைந்த நிலம் எது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். நம் காப்பியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்பதால், இது நம் களத்துமேடு வரை வரும் சட்டம்.

அதனால்தான் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் என்ற இந்த இலவச இணைய வரைபடத்தைப் பழகினேன். வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் தொடங்கிய சேவை. தோட்ட எல்லையை வரைந்தால், 2001 முதல் அங்கே எந்த ஆண்டில் மரப்பரப்பு குறைந்தது என்று காட்டுகிறது. பிரேசிலின் சோயா வயலையும் என் தோட்டத்தையும் ஒரே அளவுகோலால் பார்க்க முடிவது பெரிய நியாயம்.

குறையும் உண்டு. ஆண்டுக் கணக்குக்கு ஆதாரமான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். என் மூன்று ஏக்கர் அதில் பதிமூன்று, பதினான்கு கட்டங்களுக்குள் முடிந்துவிடும். ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்தது எதுவானாலும் மரப்பரப்புதான். அது சோலையா, யூக்கலிப்டஸ் தோப்பா, காப்பிக்கு நிழலா என்று அந்தக் கணக்கு பிரிப்பதில்லை. முற்றிய சில்வர் ஓக்கை வெட்டி விற்றாலும் இழப்பாகப் பதிவாகலாம். மரமிருந்தாலும் விவசாய நிலம் காடல்ல என்று ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது. ஆனால் தொலைதூர அலுவலகத்தில் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டுமே! காப்பி என்று பதிவான பழைய அடங்கலை, அதாவது கிராமப் பயிர்க் கணக்கை, பத்திரமாக வையுங்கள். படத்தால் சொல்ல முடியாததை அதுதான் சொல்லும்.

தமிழில் இந்தச் சேவை இல்லை. இந்தோனேசிய மொழியில் இருக்கிறது. நமக்கும் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

சிறு விவசாயிகளுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வியாபாரி வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், பழம் பறிக்கத் தொடங்கும் முன்பே எல்லையை வரைந்து, மரப்பரப்பு குறைந்தால் வரும் மின்னஞ்சல் எச்சரிக்கைக்கும் பதிவு செய்துவிடுங்கள்.