அம்மாவை எந்த ஊர் வழியாக அமெரிக்காவுக்கு வரவழைப்பது? டெல்லி, வளைகுடா, லண்டன்: ஒரு வரிசைக் கணக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா சென்னையிலிருந்து நியூயார்க்குக்குத் தனியாக வந்தார். வழியில் விமானம் மாற வேண்டிய ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே அவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்த பையன், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். சுற்றிலும் அதேபோல் பதினைந்து இருபது வீல்சேர்கள். எல்லாவற்றிலும் நம் ஊர்ப் பெரியவர்கள். ஒன்றேகால் மணி நேரம் யாரும் வரவில்லை. அதற்குள் கேட் மாறிவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்குக் குடும்பம்தான் பலகையைப் பார்த்துச் சொல்லி, தாங்களே தள்ளிக்கொண்டு போய், கதவு மூடும் நேரத்தில் ஏற்றிவிட்டது. ஏறினாரா இல்லையா என்று தெரியாமல் நான் பதினைந்து மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து டிக்கெட் தேடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் வரிசைகளை எண்ணுகிறேன். இறங்கும் ஊரில் எத்தனை வரிசையில் நிற்க வேண்டும், எத்தனை இடத்தில் தானாக முடிவெடுக்க வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். எழுபது வயதில் தனியாக வருகிறவருக்கு இந்த மூன்றும்தான் பயணம்.

நெரிசல் ஏன் வருகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் ஒப்பிடுவது சுலபம். இப்படி மாற்றிவிடும் பெரிய நிலையங்கள் அலை அலையாக இயங்குகின்றன. நாலு திசையிலிருந்தும் விமானங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து இறங்கும். அவற்றிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வேறு விமானங்களில் ஏறிப் புறப்படுவார்கள். அதனால் மதியம் ஆளரவமற்றுக் கிடக்கும் கூடம் நள்ளிரவில் திருவிழாக் கூட்டமாக மாறும். "அந்த ஏர்போர்ட் காலியாத்தான் இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், எந்த நேரத்தில் போனீர்கள் என்று கேளுங்கள்.

டெல்லியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் "நம்ம நாட்டுக்குள்ளதானே" என்று பலரும் முதலில் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போகும்போது பரவாயில்லை. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் பெட்டி சென்னையிலிருந்து நேராக அமெரிக்கா போய்விடும். ஏர் இந்தியா உள்நாட்டு விமானத்தில் வந்து மூன்றாம் டெர்மினலிலேயே வெளிநாட்டு விமானம் ஏறலாம். ஆனால் இமிகிரேஷனும் பாதுகாப்புச் சோதனையும் அங்கேதான், அதுவும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் இரவு நேரத்தில். 2022 டிசம்பரில் அந்த டெர்மினலில் கூட்டம் தாங்க முடியாமல் போய், விமானத் துறை அமைச்சராக இருந்த ஜோதிராதித்ய சிந்தியா நேரில் வந்து பார்த்தார். உள்நாட்டுப் பயணத்துக்கே மூன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னது இண்டிகோ. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் வேறு. சென்னை விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் கனெக்‌ஷன் போச்சு.

திரும்பி வரும்போதுதான் டெல்லியின் உண்மையான கஷ்டம் தெரியும். பதினான்கு, பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து வந்த உடம்போடு இமிகிரேஷன் வரிசை, பிறகு பெல்ட்டில் இரண்டு பெரிய பெட்டிகளை இறக்குவது, சுங்கம், பெட்டிகளை மறுபடி ஒப்படைப்பது, மறுபடி பாதுகாப்புச் சோதனை. டிக்கெட் போடும்போது போகும் வழியை மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஐந்து படிகளையும் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதால் ஏர் இந்தியாவின் வட அமெரிக்கப் பயணங்கள் இன்னும் நீண்டன. சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்க வேண்டி வந்தது.

வளைகுடா வழியில் இந்தக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. இந்திய இமிகிரேஷன் மீனம்பாக்கத்திலேயே முடிந்துவிடும், நாம் வாசலில் நிற்கும்போதே. இடையில் துபாயிலோ தோஹாவிலோ பாதுகாப்புச் சோதனை ஒன்றுதான். திரும்பி வரும்போதும் அப்படியே. பெட்டி, சுங்கம் எல்லாம் சென்னையில், வெளியே தம்பி காரோடு காத்திருப்பான். எனக்கு இது ஒன்றே பெரிய ஆறுதல்.

ஆனால் மூன்று வளைகுடா ஊர்களையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். துபாயின் பிரச்சினை அளவு. 2024இல் 9.2 கோடிப் பேர் அதன் வழியாகப் போனார்கள். எமிரேட்ஸில் வந்து எமிரேட்ஸிலேயே போனால் மூன்றாம் டெர்மினலுக்குள் எல்லாம் முடியும். என்றாலும் ஏ பகுதிக்கும் பி பகுதிக்கும் இடையே ரயில் ஏற வேண்டும், நடையும் அதிகம். ஒரு பாதி ஃப்ளைதுபாய் என்ற துபாயின் மலிவு விமான நிறுவனத்துடையதாக இருக்கும் டிக்கெட்டுகளில் எச்சரிக்கை வேண்டும். அந்த விமானங்களில் பல ஓடுபாதைக்கு மறுபுறம் உள்ள இரண்டாம் டெர்மினலுக்கு வருகின்றன. அங்கிருந்து மூன்றாம் டெர்மினலுக்குப் பஸ் பிடித்துச் சுற்றி வர வேண்டும். இளைஞர்களுக்கு அது ஒன்றுமில்லை, முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய பாடு.

தோஹாவின் ஹமாத் விமான நிலையம் 2014இல் திறந்தது. அதன் பெரிய நன்மை, எல்லாம் ஒரே கட்டடம். டெர்மினல் மாறும் பேச்சே இல்லை. மைய மண்டபத்தில் விளக்குத் தலையோடு ஒரு பிரம்மாண்டமான மஞ்சள் கரடி பொம்மை உட்கார்ந்திருக்கிறது. இதை அலங்காரமாகப் பார்க்காதீர்கள். வழி தவறிய பெரியவரிடம் போனில் "மஞ்சள் கரடிகிட்ட போய் நில்லுங்க" என்று சொல்ல முடிகிறது. 2022 நவம்பரில் திறந்த உள்ளரங்கத் தோட்டமும் அப்படித்தான், மரங்களுக்கு நடுவே உட்கார இடம் கிடைக்கிறது. நள்ளிரவு அலையில் சோதனை வரிசை நீளமாகவே இருக்கும். கனெக்‌ஷன் ஒன்றரை மணி நேரம் என்று காட்டினால் நான் எடுப்பதில்லை.

அபுதாபியில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. 2014 ஜனவரியில் இருந்து அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்து குடிநுழைவையும் சுங்கத்தையும் முடித்துவிடுகிறார்கள். ஆசியாவில் வேறெங்கும் இந்த வசதி கிடையாது. நியூயார்க்கில் இறங்கும்போது அம்மா உள்நாட்டுப் பயணி மாதிரி நேராக நடந்து வந்துவிடலாம். அங்கிருந்து இன்னொரு ஊருக்கு ஒரே டிக்கெட்டில் போவதாக இருந்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போடும் வேலையும் இல்லை. 2023 நவம்பரில் திறந்த புதிய டெர்மினலில் இடமும் தாராளம். ஆனால் கவனியுங்கள், வரிசை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. இரண்டு மூன்று அமெரிக்க விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் காலை நேரத்தில் எல்லாரும் அந்த ஒரே வாசலில்தான் நிற்பார்கள். இங்கே குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும், நான்கு இருந்தால் நிம்மதி. இன்னொரு குறை, அபுதாபியின் விமான நிறுவனமான எத்திஹாட் நேராகப் போகும் அமெரிக்க நகரங்கள் கொஞ்சம்தான்.

லண்டனுக்காக நான் வாதாடுவது வேறு காரணத்துக்கு: கால்கள். வளைகுடா வழியில் முதல் பயணம் நாலரை மணி நேரம், அடுத்தது பதினான்கு. சென்னையிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து நியூயார்க்குக்கு எட்டு. பயணம் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிகிறது. கால் வீக்கம், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம் உட்காருவது மிகவும் கஷ்டம். என் பெரியம்மாவை நாங்கள் எப்போதும் லண்டன் வழியாகத்தான் வரவழைக்கிறோம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகும் லுஃப்தான்சாவுக்கும் இதே கணக்குதான்.

அங்கே பார்க்க வேண்டியவை: இரண்டு விமானமும் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தின் ஐந்தாம் டெர்மினலிலேயே இருக்கும்படி தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் பஸ். இடையில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்க வேண்டாம், பெட்டியில் போடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பெரும்பாலும் தனி டிரான்சிட் விசா தேவைப்படாது. ஆனால் விதிகள் மாறுகின்றன, டிக்கெட் போடும் அன்றே பாருங்கள்.

நல்ல நாளில் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். நான் கெட்ட நாட்களையும் எடைபோடுகிறேன். 2022 கோடையில் ஆள் பற்றாக்குறையால் ஹீத்ரூ ஒரு நாளைக்கு 1,00,000 பேருக்கு மேல் புறப்படக்கூடாது என்று வரம்பு போட்டது. 2025 மார்ச் 21 அன்று பக்கத்து மின்நிலையத் தீவிபத்தால் நிலையமே மூடப்பட்டது. துபாயில் 2024 ஏப்ரல் 16 அன்று, 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து காணாத மழை. அங்கே சிக்கிக்கொண்ட டிரான்சிட் பயணிகள் நாள்கணக்கில் தரையில் படுத்திருந்தார்கள். 2025 ஜூன் 23 அன்று ஈரானின் ஏவுகணைத் தாக்குதலை ஒட்டிக் கத்தார் தன் வான்வெளியை மூடியபோது தோஹாவுக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

எந்த ஊரும் தப்பவில்லை. வித்தியாசம், மாட்டிக்கொண்டவருக்கு என்ன உரிமை என்பதில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, அதை அடியொற்றிய பிரிட்டிஷ் சட்டம் இரண்டின்படியும் விமானம் புறப்படாமல் மாட்டிக்கொண்டவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தருவது விமான நிறுவனத்தின் கடமை, காரணம் மழையாக இருந்தாலும். வளைகுடாவில் பெரும்பாலும் நிறுவனத்தின் மனசும் அன்றைய கவுண்டரின் நீளமும்தான் தீர்மானிக்கும். எந்த வழியானாலும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவு என்று இரண்டு தனி டிக்கெட்டுகளாகச் சேர்த்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டதென்றால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மகன் தனக்கு அப்படி எடுத்துக்கொள்ளலாம், அம்மாவுக்குக் கூடாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை தனியாக வருகிறவர், போகும் ஊருக்கு எத்திஹாட் இருக்கிறது என்றால் அபுதாபி. இல்லையென்றால் தோஹா. கால் பிரச்சினை உள்ளவருக்கு லண்டன் அல்லது ஃபிராங்க்ஃபர்ட், விலை கொஞ்சம் கூடினாலும். துபாய், துணைக்கு ஆள் இருந்தால். டெல்லி, குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம், மற்ற மாதங்களில் போக மட்டும்.

வரும் மாதம் அம்மா அபுதாபி வழியாக வருகிறார், இடையில் நாலு மணி பத்து நிமிடம். வீல்சேருக்கு டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டேன், இரண்டு நாள் முன்னால் மறுபடி கூப்பிட்டு உறுதிசெய்வேன். ஒரு அட்டையில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் அவர் பெயர், விமான எண், என் போன் நம்பர். மறுபக்கம் அம்மாவுக்காகத் தமிழ் எழுத்தில் பெரிதாக: "கேட் நம்பர் சேஞ்ச்? ப்ளீஸ் செக்." அரை மணிக்கு ஒருமுறை யாராவது யூனிஃபார்ம் போட்டவரிடம் இதை வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று போனில் மூன்று முறை வாசித்துக் காட்டினார்.