‘பேலன்ஸ் பண்ணியாச்சு சார்’: பட்டி பூசிக் கொடுத்த ப்ரொபெல்லர் ஷாஃப்ட்

டிஃபரன்ஷியலோ (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கியர்பாக்ஸோ மாற்றிவிட்டு, இரண்டையும் இணைக்கும் சுழல்தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி வெல்டு வைக்கக் கொடுக்கப்போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அலைந்தேன்.

கார் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின். இதன் டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல் எனும் பெரிய பல்சக்கரம் 6 அங்குலம்தான். 1994 மாடலில் 1.8 எஞ்சின் வந்தபோது மஸ்டாவே அதை 7 அங்குலமாக்கியது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டியில், விஸ்கஸ் வகை இருந்த இடத்தில் டார்சன் வகையையும் கொண்டுவந்தது. டர்போ போட நினைக்கும் 1.6-காரர்கள் முதலில் தேடுவது அந்த டிஃபரன்ஷியலைத்தான். எனக்கும் ஒன்று கிடைத்தது, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஹாஃப் ஷாஃப்ட்டோடு. ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மட்டும் கூட வரவில்லை. 1.8 டிஃபரன்ஷியலின் முன் ஃப்ளேஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) வேறு. பழைய ஷாஃப்ட்டின் போல்ட் துளைகள் அதற்குப் பொருந்தாது.

இந்த இடத்தில்தான் ஒரு பட்டறையை நம்பினேன். பெயர் சொல்லப்போவதில்லை.

“இதெல்லாம் தினமும் பண்றது சார். புது ட்யூப், புது க்ராஸ், சரியான ஃப்ளேஞ்ச் போட்டு, மெஷின்ல டைனமிக் பேலன்ஸ் பண்ணி ரிப்போர்ட்டோட தர்றேன். ரெண்டு நாள்” என்றார் உரிமையாளர். “1.8 வண்டியோட ஷாஃப்ட் கிடைச்சா அப்படியே மாட்டிடலாமாமே அண்ணே?” என்று கேட்டேன். “அது ஸ்ப்லைன் சேராது சார்” என்று ஒரே போடாகப் போட்டார். அது பொய். 1.6-இன் ஐந்து கியர் பெட்டிக்கும் 1.8-இன் ஐந்து கியர் பெட்டிக்கும் பின்பக்க ஸ்ப்லைன் (ஷாஃப்ட் செருகும் பல்வரிசை) ஒன்றேதான், 1.8-இன் ஷாஃப்ட் எந்த வேலையும் இல்லாமல் நேராக ஏறும். பத்து நிமிடம் தேடியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அவசரம். கேட்ட கேள்விக்கு அவ்வளவு உறுதியாகப் பதில் வந்ததும் தலையாட்டிவிட்டேன்.

இரண்டு நாளில் தரவில்லை, பன்னிரண்டு நாள் ஆனது. அது போகட்டும். கறுப்புப் பெயிண்ட் பளபளக்க ஷாஃப்ட் வந்தது, கூடவே ஒரு தாள். இரண்டு முனையிலும் மிச்சமிருக்கும் எடை வித்தியாசம் ‘0 கிராம்’ என்று போட்டிருந்தது. பேலன்ஸ் செய்வதற்கு முன் எவ்வளவு இருந்தது, எந்த ஷாஃப்ட், என்ன தேதி, ஒன்றும் இல்லை.

மாட்டி ஓட்டினேன். 80 கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியவில்லை. 90-ஐத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் அதிர்வு. 110-இல் பின்கண்ணாடியில் தெரிவது எல்லாம் இரண்டிரண்டாக ஆடியது.

பட்டறைக்குப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு காரணம். வீல் பேலன்ஸ் பாருங்க சார். பார்த்தேன், இரண்டு தடவை. எஞ்சின் மவுண்ட் போயிருக்கும். மாற்றினேன். பிபிஎஃப் சரியாக செட் பண்ணியிருக்க மாட்டீங்க. (கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிற அலுமினியச் சட்டத்தைத்தான் பிபிஎஃப் என்கிறோம். அதைக் கோணலாக இறுக்கினால் ஜாயிண்ட் கோணம் கெடும் என்பது உண்மைதான். அதனால் இறக்கி, அளந்து, மறுபடி இறுக்கினேன்.) கடைசியில், “நீங்க வாங்கின டிஃபரன்ஷியலே அவுட்டா இருக்கும்.”

உண்மையில் வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம். என் டயர் 185/60 ஆர்14, சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 920 சுற்று, அதாவது நொடிக்கு 15. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்பதால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 63 சுற்று. சக்கரக் கோளாறு என்றால் ஸ்டீயரிங்கும் தொடையும் குலுங்கும். ஷாஃப்ட் கோளாறு என்றால் ‘ம்ம்ம்’ என்று தரை முழுக்க முனகும். எனக்கு இருந்தது முனகல். அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை ஐடிலுக்கு விட்டேன்: அப்போதும் முனகியது. எஞ்சின் மவுண்ட் கதை அங்கேயே முடிந்தது. பிறகு பின் ஃப்ளேஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றி, ஷாஃப்ட்டை 180 பாகை திருப்பி மாட்டினேன். அதிர்வு 75-லேயே தொடங்கியது. கோளாறு ஷாஃப்ட்டிலோ அது உட்காரும் இடத்திலோ என்பது தெளிவானது.

அதற்குள் டிஃபரன்ஷியலின் பினியன் (ஷாஃப்ட்டோடு சுழலும் சின்னப் பல்சக்கரம்) ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருந்தது.

ஷாஃப்ட்டைக் கழற்றி, ரொம்ப நாளாக லேத் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியதும் அவர் நுண்ணளவு காட்டும் டயல் கேஜைத் தேடவில்லை. தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். “தம்பி, ரெண்டு யோக்கும் நேரா இல்லையே.”

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் யூ-ஜாயிண்ட் எனும் வளையும் மூட்டு உண்டு; அதைப் பிடிக்கும் கவைதான் யோக். ஒரு யூ-ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். அதை மறுமுனை ஜாயிண்ட் அப்படியே எதிர்த்துச் சமன்செய்ய வேண்டும். அதற்கு ட்யூபின் இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், முன்கோணமும் பின்கோணமும் சமமாக இருக்க வேண்டும். என் ஷாஃப்ட்டில் பின் யோக்கைக் கண்ணளவில் வைத்து டேக் வெல்டு அடித்திருக்கிறார்கள். அளந்தால் 7 பாகை விலகல்.

அடுத்தது ஃப்ளேஞ்ச். அதன் நடுவில் ஒரு வட்டப் படி இருக்கும்; அது எதிர் ஃப்ளேஞ்சில் இறுக்கமாகப் பொருந்தி உட்கார வேண்டும். ஷாஃப்ட்டை மையத்தில் நிறுத்துவது அந்தப் படிதான். போல்ட் வெறுமனே பிடித்துக்கொள்ளும். எனக்கு வைத்திருந்தது வேறு ஏதோ வண்டியின் ஃப்ளேஞ்ச், துளை மட்டும் புதிதாகப் போட்டது. அந்தப் படிக்கும் எதிர் ஃப்ளேஞ்சின் குழிக்கும் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் இடைவெளி. அப்படியானால் ஷாஃப்ட் 0.5 மில்லிமீட்டர் வரை மையம் விலகி நிற்கும். இது ஒரு பெரிய விஷயமா என்று நானும் நினைத்தேன். ஷாஃப்ட்டின் பின்பாதி எடை 4 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசை பினியனை ஒவ்வொரு சுற்றுக்கும் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு: எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நாலாவது கியரில் 6000 சுற்றில் 80 கிலோ. ஐந்தாவது கியர் விகிதம் 0.814, அதில் எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். சீல் ஏன் போகாது?

வெல்டுக்குப் பக்கத்தில் ரன்-அவுட் (சுழலும்போது ஷாஃப்ட் ஆடும் அளவு) 0.9 மில்லிமீட்டர் என்று டயல் கேஜ் காட்டியது. 0.25-க்குள் இருந்தால்தான் பேலன்ஸ் செய்யவே எடுத்துக்கொள்வேன் என்றார் அவர்.

பிறகு பெயிண்டைச் சுரண்டினார். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பழைய ஷாஃப்ட்டைக் கழற்றும்போது எடுத்த போட்டோவில் ட்யூபின் நடுவில் கல் பட்டு நசுங்கிய ஒரு குழி இருந்தது. ‘புது ட்யூபில்’ அதே இடத்தில் அதே குழி. அதற்குள் பட்டி! கதவு ஒடுக்கு எடுக்கப் பூசுவார்களே, அதே பட்டியை நொடிக்கு அறுபது சுற்று சுற்றும் குழாயில் பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முன்முனையில் கம்பெனி ஒட்டிய பழைய எடைத்துண்டு அப்படியே இருந்தது. பின்முனையில் எடையும் இல்லை, எடை வைத்துப் பார்த்த தடமும் இல்லை. மெஷின் பக்கமே போகாத ஷாஃப்ட்டுக்குத்தான் ‘0 கிராம்’ ரிப்போர்ட்.

இனி கொடுக்கப்போகிறவர்களுக்கு, நான் தாமதமாகக் கற்றது. முதலில் உங்கள் வண்டிக்கு நேராகப் பொருந்தும் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் கேட்காமல் நீங்களே தேடுங்கள். இல்லாவிட்டால்தான் வெட்டல். கொடுக்கும் முன் ட்யூபில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, மறைவான இடத்தில் ஒரு புள்ளி குத்தி வையுங்கள். ஃப்ளேஞ்ச் படியையும் குழியையும் வெர்னியரில் அளந்து எண்ணை எழுதிக் கொடுங்கள். ‘சரியா பண்ணிக் குடுங்க’ என்று வாயால் சொல்வதில் பயனில்லை. ரன்-அவுட்டை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள், பெயிண்ட் அடிப்பதற்கு முன். பேலன்ஸ் தாளில் செய்வதற்கு முன்பும் பின்பும் இருந்த அளவு, எந்தச் சுற்றுவேகம், ஜி16 போல எந்தத் தரம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மாற்றி ஷாஃப்ட் நீளமாகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: அதே விட்டத்தில் நீளம் 20 சதவீதம் கூடினால், ஷாஃப்ட் வில்லாக வளையத் தொடங்கும் சுழல்வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கிவிடும். பேலன்ஸ் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதைத் தடுக்க முடியாது, பெரிய விட்டமுள்ள ட்யூப்தான் வேண்டும்.

என் கார் இப்போது ஓடுவது 1.8-இலிருந்து கழற்றிய பழைய ஷாஃப்ட்டில். சீலோடு சேர்த்து ஒரு மதியத்தில் மாட்டி முடித்தோம். 130 வரை சத்தமே இல்லை.

பட்டறைக்குப் போட்டோக்களை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் உரிமையாளரே கூப்பிட்டார், குரலில் அத்தனை பணிவு: “பையன் பண்ணின தப்பு சார். ஷாஃப்ட்டை இங்க கொண்டாந்து குடுத்துடுங்க, காசைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.” காசை முதலில் அனுப்புங்கள் என்றேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஷாஃப்ட் என்னிடம்தான் இருக்கிறது, பட்டி பெயர்ந்த பக்கம் வெளியே தெரியும்படி.